பத்தொன்பதாம் பக்கத்தில் விடுபட்ட எழுத்து

தம்பி, சாப்பிட்டுவிட்டு இதைப் படி. அங்கே என்ன நேரமாக இருந்தாலும் சரி, வெறும் வயிற்றோடு படிக்காதே. ஃபோனில் சொல்லியிருக்கலாம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை முயன்றும் பார்த்தேன். உன் குரல் கேட்டவுடன் என் வாய் வேறு எங்கோ போய்விடுகிறது; தண்ணீர் லாரி வந்தது, முடிச்சூர் ரோட்டில் மறுபடி பள்ளம் தோண்டுகிறார்கள், முழங்கால் வலி பரவாயில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் ஊரில் உள்ள பெற்றோருக்கெல்லாம் கடிதம் எழுதினேன். சொந்தப் பிள்ளைக்கு இதுதான் முதல் கடிதம்.

போன வாரம் நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒப்பந்தம் முடிந்ததும் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, ஏதோ ஒரு பேங்க்குக்கு சாஃப்ட்வேர் எழுதும் வேலையில் சேரப்போகிறேன் என்றாய். "எனக்கு அந்தக் கண்ணு இல்லம்மா. ஒரு எழுத்து விட்டுப்போனதே தெரியாதவன் எதுக்கு இதுல இருக்கணும்?" என்றாய். நான் வாய் திறப்பதற்குள், "நல்லவேளை, அப்பா அந்தக் கட்டுரை சரின்னு நெனச்சுகிட்டே போனாரு. அது ஒண்ணுதான் ஆறுதல்" என்றாய். அந்த இரண்டாவது விஷயத்தை நீ இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஒவ்வொரு முறையும் நான் 'உம்' கொட்டியிருக்கிறேன். இந்தக் கடிதம் அந்த ஆறுதலை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளப் போகிறது. அந்தத் தப்பு உன் அப்பாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிவதற்கு மூன்று வாரம் முன்பே அவருக்குத் தெரியும். உனக்கு அது வந்து சேராமல் தடுத்தது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் எனக்கும் தைரியம் வரும். காலேஜ் முடிக்கும்போதே கிடைத்த கம்பெனி வேலையை நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த அன்று அப்பா கத்தியது உனக்கு மறந்திருக்காது. "இல்லாத மெஷினுக்குக் கணக்கு எழுதப் போறானாம்! மெஷின் எப்ப வரும்னு கேட்டா அவனுக்கே தெரியல!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார், உன்னைப் பார்த்து அல்ல. பல்லாவரம் பிரஸ்ஸில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்த மனிதர். கண்முன்னால் அச்சாகி வருவதைத்தான் வேலை என்று அவர் நம்பினார். மூன்று மாதம் உன்னோடு பேசவில்லை. நீ பெங்களூருக்கு மேற்படிப்புக்குக் கிளம்பிய அன்றுதான், ரயில் தாமதமானதால் தாம்பரம் பிளாட்பாரத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டியிருந்தபோது, அவராகவே கேட்டார். "சரி, அந்த குவாண்டம்னா என்னதான்டா?"

நீ அன்றைக்குச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. கணக்கு பெரிதாகப் பெரிதாக நம் கம்ப்யூட்டர் போட வேண்டிய படிகள் எக்கச்சக்கமாகக் கூடிவிடும், சில கணக்குகளில் குவாண்டம் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு கூடாது, அந்தப் படிகளை எப்படி அடுக்குவது என்று எழுதுவதுதான் உன் வேலை என்றாய். "தப்பான விடையெல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுகிட்டுக் காணாமப் போற மாதிரி அடுக்கணும்பா. சரியான விடை மட்டும் நிக்கும்" என்றாய். அப்பா தண்டவாளத்தைப் பார்த்தபடியே, "தப்பு தானா அழிஞ்சுடும்னா எங்க டிபார்ட்மெண்ட்டையே இழுத்து மூடிட வேண்டியதுதான்" என்றார். நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த அம்மாள் மூட்டையை நகர்த்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். அதற்கப்புறம் உங்களுக்குள் சண்டையே இல்லை.

உன் முதல் கட்டுரையை நீ அனுப்பியபோது, அப்பா அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவந்து சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். "என்னங்க, ஒரு வரியாவது புரியுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சா கண்ணு ஏமாத்திடும். அடுத்தது என்ன இருக்கணும்னு மனசே வாசிச்சுட்டுப் போயிடும். புரியாம படிச்சாத்தான் இருக்கிறது மட்டும் தெரியும்" என்றார். எட்டாம் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி திறந்து மூடாமல் கிடந்ததைக் கண்டுபிடித்து உனக்கு ஃபோன் போட்டார். "மூணு பேர் பாத்தும் விட்டுட்டோம்பா, நீங்க புடிச்சுட்டீங்க" என்று நீ சொன்னதை ஆலயத்தில் எத்தனை பேரிடம் சொன்னார் தெரியுமா? அதிலிருந்து நீ எழுதியது எதுவாக இருந்தாலும் அவர் கண் பட்டுத்தான் வெளியே போகும் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. பாதி விளையாட்டுத்தான். ஆனால் அவருக்கு அது விளையாட்டு இல்லை.

இனிமேல் எழுதுவது கஷ்டம். இரண்டு வருஷம் முன்பு, மழை தொடங்குவதற்கு முன்னாலேயே அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆலயத்தில் உரக்கப் பாடியதால் என்று நினைத்தோம். மிளகுப்பால், மாத்திரை, ஆவி பிடிப்பது என்று ஆறு வாரம் ஓட்டினோம். பிறகு மேடவாக்கம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். குரல்வளையில் கட்டி, சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய், குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதற்கப்புறம் வாயால் பேச முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பிக்கு ஃபோன் போடு." நான் போடவில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நீ வெளிநாட்டிலிருந்து பேசியிருந்தாய். நாலு வருஷ உழைப்பு முடிந்துவிட்டது, ஒரு பெரிய மாநாட்டில் பேச அழைத்திருக்கிறார்கள், அங்கே நின்று காட்டிவிட்டால் நிரந்தர வேலை கிடைத்துவிடும் என்றாய். "இந்த ஒரு மாசம் மட்டும் எதுவும் ஆகக்கூடாதும்மா" என்று சிரித்தாய். நீ சும்மா சொன்னது. அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டது நான். மாநாடு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று அப்பாவிடம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தேன். அவர் குரலைக் கேட்டால் உனக்குச் சந்தேகம் வரும் என்று உங்களைப் பேசவும் விடவில்லை. நீ கூப்பிட்ட போதெல்லாம் அப்பா தூங்குகிறார், கடைக்குப் போயிருக்கிறார், ஆலயக் கமிட்டிக் கூட்டம் என்று ஏதாவது ஒன்று. அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார், தம்பி. ஸ்பீக்கரில் உன் குரலைக் கேட்டுக்கொண்டு, இருமல் வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. நீ கடைசியாக அவர் குரலைக் கேட்டது, "ரவுட்டர்ல சிவப்பு லைட்டு எரியுதுடா, என்ன பண்றது?" என்று அவர் கேட்டபோதுதான். அதற்குமேல் எதையும் உனக்கு நான் விட்டுவைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் உன் கட்டுரை வந்தது. நாற்பத்திரண்டு பக்கம். அப்பாவுக்குக் கஞ்சியே மெதுவாகத்தான் இறங்கியது, ஆனாலும் தினமும் காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாலாம் நாள் நான் அடுப்படியில் இருந்தபோது கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து நின்றார். பிரஸ்ஸில் எழுதுகிற மாதிரியே மேலே 'ஆசிரியர் கவனிக்க' என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார். ஆறாம் பக்கத்தில் ஒரு கிரேக்க எழுத்துக்குக் காலடியில் சின்னதாக n இருக்கிறது. பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து அதே எழுத்து n இல்லாமல் வருகிறது. வேண்டுமென்று விட்டதா, விடுபட்டதா? அவ்வளவுதான் அதில் இருந்தது.

"இதை ஃபோட்டோ எடுத்து தம்பிக்கு அனுப்பு" என்றார் காற்றுக் குரலில். அவரிடம் பட்டன் ஃபோன்தானே. உங்கள் வாட்ஸ்ஆப் எல்லாம் என் கையில்.

நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு சொல்கூடக் குறைக்காமல் எழுதுகிறேன். "கமா, புள்ளி பாக்கிற விஷயமாங்க இது? அவன் டாக்டர் பட்டம் வாங்கினவன். கூட எழுதினவங்க எல்லாம் பெரிய பெரிய புரொஃபசருங்க. பிரஸ்ல புரூஃப் பாத்தவரு சொல்லித்தான் அவங்களுக்குத் தெரியணுமா? அவனைக் குழப்பாதீங்க."

அவர் காகிதத்தை அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கையெழுத்தில் நடுக்கம் இருந்தது, நீ பார்த்தால் கேட்பாய் என்பது என் பயம். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. அந்த ஞாயிறு ஆராதனையில் ஆயர் உன் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணியிருந்தார். வெளியே வந்ததும் எத்தனை பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்! என் மகன் எழுதியதில் தப்பு இருக்கலாம் என்று கேட்கிற மனசு அப்போது எனக்கு இல்லை. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனிதரின் வேலையை ஒரு வாயில் கேவலமாகப் பேசினேன்.

அடுத்த ஞாயிறு நீ கேட்டாய். "அப்பா படிச்சாராம்மா? ஏதாவது சொன்னாரா?"

"படிச்சாரு. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு."

"அப்பாடா! அப்பாவே ஒண்ணும் இல்லன்னுட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தாய். பக்கத்து நாற்காலியில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்கு மறந்திருக்கும். யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஸ்கேனுக்காகக் குரோம்பேட்டைக்குப் போயிருந்தோம். பெயர் கூப்பிட நேரமாயிற்று. அவராக என் பக்கம் சாய்ந்து பேசினார். "பயப்படாத. தப்பா இருந்தாலும் அது நல்ல எழுத்து. எதை எங்கிருந்து எடுத்தேன்னு படிப்படியா சொல்லிட்டுப் போறான். அதனாலதான் எனக்கே தெரிஞ்சுது. பூசி மெழுகுறவன் எழுதினதுல தப்பைத் தேடவே முடியாது. எவ்வளவு பேரோடதைப் பாத்திருக்கேன்." இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு நாலு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. உன்னைப் பற்றி அவர் வாயால் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். "எனக்கு அந்தக் கண்ணு இல்லை" என்று போன வாரம் நீ சொன்னபோது என் நெஞ்சில் இதுதான் வந்து மோதியது.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். வியாழக்கிழமை உன் பேச்சு. புதன்கிழமை சாயங்காலம் அப்பா நன்றாகவே விழித்திருந்தார். கழுத்தில் ஓட்டை போட்டு, மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். நர்ஸ் ஒரு அட்டையும் காகிதமும் கொடுத்திருந்தாள், அதில் எழுதிக் காட்டுவார். தலையணையை உயர்த்து, ஃபேனைக் குறை, அந்த மாதிரி. ஆறு மணிக்குமேல் என் கையைத் தட்டி அட்டையைக் காட்டினார். 'தம்பியிடம் சொன்னாயா?'

எதை என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நோயைக் கேட்டாரா, அந்தக் காகிதத்தைக் கேட்டாரா? இரண்டையும் நான் சொல்லியிருக்கவில்லை. தலையை ஆட்டினேன். சொல்லிவிட்டேன் என்று ஆட்டினேன். அவர் மறுபடியும் எழுதினார். 'என்ன சொன்னான்?'

"பாக்கிறேன்னு சொன்னான். உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் பிரஸ்ஸிலிருந்து நல்ல சேதியோடு வரும்போது இருக்கும் முகம். அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுகூட நேரம் இருந்தது, தம்பி. அப்போது நான் வெளியே வராண்டாவுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டிருந்தால், மறுநாள் மேடை ஏறுவதற்கு முன்னால் நீ அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்திருப்பாய். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறியது. ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை நான் கூப்பிட்டபோது நீ முதல் மணியிலேயே எடுத்து, "நானே கூப்பிடணும்னு இருந்தேன்மா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாய். அதைக் கேட்காமல் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். நீ திங்கட்கிழமை ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாய். அவர் கண் திறக்கவில்லை. செவ்வாய் மதியம் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நீ எதிரில் வந்து உட்கார்ந்து, மாநாட்டில் நடந்ததைச் சொன்னாய். பாதிப் பேச்சில் மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி, பத்தொன்பதாம் பக்கத்து எழுத்து மாறாத எண்ணா, கணக்கின் அளவோடு சேர்ந்து வளர்வதா என்று கேட்டாள். மேடையிலேயே உனக்குத் தப்பு தெரிந்துவிட்டது. அடக்க ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் அந்த எழுத்தை எழுதி, காலடியில் சின்னதாக n போட்டுக் காட்டினாய். "இதை நடுவுல விட்டுட்டேன்மா. இதைச் சேத்தா, நான் எழுதினதுக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர் பண்றதுக்கும் வித்தியாசமே இல்ல. நாலு வருஷம் போச்சு." பிறகுதான் முதல்தடவையாக அந்த ஆறுதலைச் சொன்னாய்.

அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அழுதேன், அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய். நீ ஊருக்குப் போனபிறகு அந்தக் காகிதத்தை வீடு முழுக்கத் தேடினேன். அஞ்சறைப்பெட்டி, ஆஸ்பத்திரி ஃபைல், பைபிள், அவர் சட்டைப் பைகள் எல்லாம் பார்த்தேன். கிடைக்கவில்லை. நானே ஏதோ ஒரு நாள் குப்பையோடு கூட்டித் தள்ளியிருப்பேன். ஆகையால் இதற்கு என் வார்த்தையைத் தவிர உனக்கு வேறு சாட்சி இல்லை. என் வார்த்தை எவ்வளவு பெறும் என்று இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு உனக்கே தெரிந்திருக்கும்.

நாலு வருஷ உழைப்பை நான் காப்பாற்றியிருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். தப்பு தப்புதான். ஆனால் அத்தனை பேர் முன்னால் உனக்கு அது நடந்திருக்காது. உன் அப்பா கண்டுபிடித்துச் சொல்லி நீ திருத்தியதாக இருந்திருக்கும். அதைவிட முக்கியம், நீ பதறிப்போய் அவரைக் கூப்பிட்டிருப்பாய், அவர் குரலைக் கேட்டிருப்பாய், அடுத்த விமானத்தில் ஏறியிருப்பாய். அவருக்குக் குரல் இருந்த கடைசி மூன்று வாரம் உன்னுடையதாக இருந்திருக்கும். அதை நான் தின்றுவிட்டேன். உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் நம்பிக்கொண்டு போனார். அவருக்குத் தெரியவே தெரியாது என்று நீ நம்பிக்கொண்டு இருக்கிறாய். இரண்டு பேரையும் அப்படி நம்பவைத்தவள் ஒருத்திதான்.

இரண்டு வருஷமாக நான் ஆலயத்தில் திருவிருந்து வாங்க எழுந்து போவதில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். முழங்கால் வலி என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆயர் அப்பமும் ரசமும் என் இடத்துக்கே கொண்டுவரட்டுமா என்றுகூடக் கேட்டார். வேண்டாம் என்றேன். உன்னிடம் சொல்லாமல் எப்படி வாங்குவது?

பேங்க் வேலையில் சேர், சேராதே, அது உன் முடிவு. உன்னை ஆராய்ச்சியில் பிடித்துவைப்பதற்காக இதை எழுதவில்லை. உனக்குக் கண் இல்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதே. உன் எழுத்தைப் படித்த ஒரு மனிதர் அப்படி நினைக்கவில்லை. இன்னொன்று. நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு அமையும், பெண்டாட்டி பிள்ளை வருவார்கள். யாருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் தாங்கமாட்டார்கள் என்று நீயே உட்கார்ந்து முடிவெடுக்காதே. அன்பு என்றுதான் நானும் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். தாங்குவதும் தாங்காததும் அவர்கள் பாடு. சேதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.

உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. உன்னிடம் கேட்கிறேன். ஆனால் இதைப் படித்த கையோடு ஃபோனை எடுத்து, "விடுங்கம்மா, பரவாயில்ல" என்று சொல்லிவிடாதே. நீ சின்ன வயதிலிருந்தே அப்படிச் சீக்கிரம் சொல்லிவிடுகிற பிள்ளை. இந்த முறை நேரம் எடுத்துக்கொள். எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. நான் காத்திருக்கிறேன்.

அம்மா